பயிற்சி பெற்ற செயலாளர்

வாங்க அண்ணாச்சி, வாங்க. கேட்டைச் சும்மா தள்ளுங்க, திறந்துதான் இருக்கு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கோமதி, காபி கொண்டா. சர்க்கரை போடலாம்ல? போடச் சொல்றேன்.

நேத்து போன்ல பேசுனது நீங்கதானே? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அப்ப பொறுப்பு உங்க தலையிலதான். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா உங்களைத்தான் கேப்பாங்க. பொண்ணு வேலை பார்த்த இடத்துல போய் ஒரு வார்த்தை விசாரிக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, அதுதான் பெரிய மனுஷத்தனம். மங்கையர்க்கரசி எங்க நூலகத்துல பதினோரு வருஷம் நூலகரா இருந்தா. நான் அங்க செயலாளர். அவளைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் இந்த அருப்புக்கோட்டையில கிடையாது. நான் சரின்னு சொன்னா சரி, வேண்டாம்னு சொன்னா வேண்டாம். அதனால நான் பாத்துத்தான் பேசுவேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசுற ஆள் இல்ல. அதுலயும் ஒருத்தரோட தனிப்பட்ட விவரம்னா என் வாயிலருந்து வராது. நான் அதுக்குன்னே பயிற்சி எடுத்தவன். அந்தா, உங்க தலைக்கு மேல சுவத்துல பாருங்க. பிரேம் போட்டு மாட்டியிருக்கேன். ‘நிர்வாகக் குழு மற்றும் தனிநபர் தகவல் பாதுகாப்புப் பயிற்சி’. கீழ பேரைப் படிங்க. ஆவுடையப்பன், செயலாளர். இந்தப் பக்கத்துல இந்தச் சர்டிபிகேட் வாங்கின நூலகம் எங்களது ஒண்ணுதான். அதனால நீங்க என்கிட்ட தைரியமாக் கேக்கலாம்.

நல்ல பொண்ணு. அதைத்தான் முதல்ல சொல்லணும். காலையில வந்தா ஜன்னலைத் திறப்பா, தூசி தட்டுவா, பேப்பரை எல்லாம் கம்பியில கோத்து வைப்பா, ஒரு முணுமுணுப்பு இருக்காது. அவங்க அப்பா தறிக்காரர், சாதுவான மனுஷன். சம்பளத்தைக் கூட்டித் தாங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல. கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காதுன்னு வைங்க.

வயசு என்னன்னு சொன்னாங்க உங்ககிட்ட? முப்பத்தொண்ணா? சரி. முப்பத்தொண்ணு. நான் ஒண்ணும் சொல்லல. அவ சர்டிபிகேட் எல்லாம் இன்னும் என் பீரோவுலதான் இருக்கு, அது வேற ஒண்ணு சொல்லுது. மூணு வருஷம் முன்னப் பின்ன. தரகர் குறைச்சுப் போட்டிருப்பான், அதுக்குப் பொண்ணைக் குத்தம் சொல்ல முடியுமா? முடியாது. வயசுங்கிறது தனிப்பட்ட விவரம், அதுல நான் தலையிட மாட்டேன்.

ஆபரேஷன் பண்ணினதைச் சொல்லியிருப்பாங்களே? சொல்லலையா. அப்ப விடுங்க. வயித்துல ஏதோ சின்னதா பண்ணினாங்க, அவ்வளவுதான். என்ன ஆபரேஷன்னு லீவு கேக்கும்போது டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் படிச்சேன், ஆனா வெளிய சொல்லமாட்டேன். பொம்பளைங்க சமாச்சாரம். பிள்ளை குட்டி விஷயமா நீங்களே தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.

காபியை எடுத்துக்குங்க. இவ என் வீட்டுக்காரி. கோமதி, இவர் மங்கை விஷயமா வந்திருக்கார். போயிட்டா பாருங்க. மங்கை பேச்சை எடுத்தாலே இவ முகம் ஒரு மாதிரி ஆயிடும், உள்ள போயிடுவா. ஏன்னு நானும் கேட்டதில்ல. குடிங்க, ஆறிடப்போகுது.

வேலையை ஏன் விட்டான்னு கேக்குறீங்க. விட்டுட்டேன்னா சொன்னா? சரி, விட்டுட்டான்னே வச்சுக்குவோம். அவ அப்படிச் சொல்லியிருந்தா நான் மறுத்துப் பேசுறது நல்லா இருக்காது. இல்ல அண்ணாச்சி, நீங்க அப்படிப் பார்த்தா நான் என்ன பண்றது? பொய் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. ஒரு பையனோட வாழ்க்கை. நீங்க அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. அரைகுறையாச் சொன்னா நீங்க வேற எதையாவது நினைச்சுக்கிட்டுப் போவீங்க, அது அந்தப் பொண்ணுக்குத்தான் கெடுதல். அதனால முழுசாச் சொல்லிடுறேன். அவ நல்லதுக்குத்தான்.

எங்க நூலகம் அறக்கட்டளை நடத்துறது. வைரவநாதன் நினைவு நூலகம். லாப நோக்கம் கிடையாது, எங்களுக்கும் ஒரு பைசா கிடையாது. எல்லாம் கௌரவப் பதவி. எண்ணெய் மில் தனுஷ்கோடிதான் தலைவர், நான் செயலாளர், மத்தவங்க உறுப்பினர்கள். சென்னையில ஒரு தர்ம ஸ்தாபனம் எங்களுக்குக் கம்ப்யூட்டர் தரேன்னு சொல்லுச்சு. புத்தம் புது கம்ப்யூட்டர். ஆனா ஒரு நிபந்தனை. நிர்வாகக் குழு மொத்தமும் ஒரு நாள் பயிற்சியில உக்காரணும். நாங்களும் ஒத்துக்கிட்டோம். பயிற்சி கொடுக்க மதுரையிலருந்து ஒரு தம்பி வந்தான், பிரபாகர்னு பேரு. ஜீன்ஸ் பேன்ட். எங்களுக்கு அவன் பாடம் எடுக்குறான், எங்க அனுபவத்துல பாதி வயசு இல்ல. நாங்க பொறுத்துக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமை. பேப்பர் படிக்க வர்ற பென்ஷன்காரங்களை எல்லாம் அன்னைக்கு வெளிய அனுப்பிட்டோம். காலையில நிர்வாகக் குழுவோட கடமை என்னன்னு பேசினான். குழுவுல இருக்கவங்க தங்களுக்கு வேண்டியவங்களை வேலைக்கு வைக்கக்கூடாது, சொந்தபந்தம் வேற, நிர்வாகம் வேறன்னு அழகாச் சொன்னான். நான்தான் முதல்ல கை தட்டினேன். மத்தியானம் சாப்பாடு, வடை பாயாசத்தோட. மங்கைதான் பரிமாறினா. சாப்பிட்ட பிறகு தகவல் பாதுகாப்பு. வாசகர்கள்கிட்ட வாங்கற அடையாள அட்டை நகல், போன் நம்பர், பிறந்த தேதி இதெல்லாம் நம்மகிட்ட ஒப்படைச்ச பொருள், நகை மாதிரி காக்கணும்னான். ஒருத்தரோட ஆதார் நகல் தப்பான கைக்குப் போனா அவர் பேர்லயே சிம் கார்டு வாங்கலாம், இன்னும் என்னென்னவோ பண்ணலாம், கடைசியில அவர்தான் மாட்டுவார்னான். கேக்கக் கேக்க எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. இந்த ஊர்ல இதை முதல்ல தெரிஞ்சுக்கிட்டவன் நான்.

அப்ப அந்தத் தம்பி கேட்டான், “யாராவது ஒருத்தர் ஆதார் கார்டு கொடுங்க, நம்பரை மறைச்சுட்டு ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுறேன்”னு. எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனும் சட்டைப் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். சிரிப்பா இருந்துச்சு. நான்தான் சமாளிச்சேன். “மங்கை, உன் கார்டைக் கொண்டா”ன்னேன். அவ பாயாச டம்ளரை எடுத்துக்கிட்டு இருந்தவ, “என்னோடதா சார்?”னு கேட்டா. “உன்கிட்ட என்னம்மா இருக்கு திருடுறதுக்கு?”ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. கார்டைக் கொடுத்துட்டா. பலவந்தம் ஒண்ணும் இல்ல, பாத்துக்குங்க. விருப்பப்பட்டுக் கொடுத்தது.

அந்தத் தம்பி நம்பர் மேல ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அவன் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டர்ல படம் பிடிச்சு ஸ்கிரீன்ல போட்டான். பின்வரிசையில தலைவர், “என்னப்பா, முக்கியமானது மறைஞ்சு கெடக்கு, ஒண்ணும் வெளங்கல”ன்னார். நியாயம்தானே? மறைச்சு வச்சா எதைப் பாதுகாக்கணும்னு எப்படித் தெரியும்? அந்தத் தம்பி கை கழுவப் போன நேரத்துல நான்தான் டேப்பை உரிச்சுட்டு இன்னொரு தடவை படம் பிடிச்சேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டேன். இப்ப பளிச்சுனு தெரிஞ்சுது. பேரு, அப்பா பேரு, தேதி, விலாசம், நம்பர், எல்லாம் தலையணை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும்.

சரியா அப்பத்தான் ஸ்டுடியோக்காரன் வந்துட்டான், குரூப் போட்டோ எடுக்க. தலைவருக்குப் பொன்னாடை போத்தி, நாங்க எல்லாரும் ஸ்கிரீனுக்கு முன்னால வரிசையா நின்னோம். அந்தத் தம்பி கை கழுவிட்டு வெளிய நின்னு போன்ல பேசிக்கிட்டு இருந்தான். அவன் இல்லாமலே எடுத்தாச்சு, அவனுக்காக எவ்வளவு நேரம் நிக்கிறது? மங்கை போட்டோவுல இல்ல. ஃபேன் காத்துல பொன்னாடை பறக்குதுன்னு அவளை சுவிட்ச் பக்கத்துல நிக்கச் சொல்லியிருந்தோம். அவ இல்ல, அவ கார்டு இருக்கு. தலைவருக்கும் எனக்கும் நடுவுல.

போட்டோ அமோகமா வந்துச்சு. விடுவோமா? பஸ் ஸ்டாண்டு முக்குல பிளெக்ஸ் வச்சோம். ஒரு பஸ் நீளம். ‘தகவல் காப்போம், திருட்டைத் தடுப்போம்’னு நான்தான் வாசகம் எழுதினேன். தலைவர் மகன் பேஸ்புக்லயும் போட்டான். ஊரே பேசுச்சு அண்ணாச்சி. பஸ் விட்டு இறங்குறவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுத்தான் போனான். என் தெருக்காரன் ஒருத்தன் இருக்கான், முப்பது வருஷமா என்னை மதிச்சதில்ல, அவனே வந்து கை கொடுத்தான். சொன்னா நம்பமாட்டீங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இந்தச் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட்டவ யாருன்னா அவதான். மறுநாளே வந்து நிக்கிறா. “சார், பிளெக்ஸ்ல என் கார்டு தெரியுது. நம்பர் எல்லாம் ரோட்டுலருந்தே படிக்க முடியுது.” நான் சொன்னேன், “அதை எவன் பாக்குறான்? எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க.” “அந்த இடத்துல மட்டும் ஒரு பேப்பர் ஒட்டிடலாமா சார்?” ஒட்டினா தலைவர் தோள்ல பாதி மறையும். பொன்னாடையே அந்தத் தோள்லதான் கெடக்கு. சென்னையிலருந்து ஆளுங்க வந்து பாக்குற வரைக்கும் பிளெக்ஸ் அப்படியே இருக்கணும், வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருன்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன்.

என்ன பண்ணினா தெரியுமா? விடியக்காலையில நூலகத்து ஸ்டூலைத் தூக்கிட்டுப் போய், பழைய காலண்டர் தாளைக் கிழிச்சுக் கார்டு மேல ஒட்டிட்டா. பசையும் நூலகத்துப் பசை. தலைவர் மில்லுக்குப் போற வழியில பார்த்துட்டு எனக்குப் போன் போட்டார். “என்னய்யா, என் தோள்ல ஆடி அமாவாசைன்னு எழுதியிருக்கு.” எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆளை விட்டுத் தாளைக் கிழிச்சுச் சுத்தமாத் துடைக்கச் சொன்னேன். அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தேன், நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தினதா. வாங்கிக்கிட்டு நின்னா. ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. கொஞ்சம் திமிரு உண்டு, அதையும் நீங்க மனசுல வச்சுக்கணும். மாமியார் வீட்டுல போய் இப்படிக் காலண்டர் தாளை ஒட்டிக்கிட்டு இருந்தா?

அப்புறம் கொஞ்ச நாள் ஒண்ணும் இல்ல. நான் மறந்தே போயிட்டேன். ஒரு நாள் சாயங்காலம், பேப்பர் படிக்க ஆள் நிறைஞ்சிருக்கிற நேரம், வெளி மாவட்டத்துப் போலீஸ் வந்துட்டாங்க. மஃப்டியில ரெண்டு பேர், கூட ஒரு பெண் போலீஸ். மங்கையர்க்கரசி யாருன்னு கேட்டாங்க. அவ பேர்ல எங்கயோ சிம் கார்டு வாங்கி, பேங்க் ஆபீசர் பேசுறேன்னு சொல்லி வயசானவங்களை எல்லாம் ஏமாத்தியிருக்கான் எவனோ. நம்பர் இவ பேர்ல இருக்கு, கார்டு இவ கார்டு. அவங்க யாரைத் தேடி வருவாங்க? அவ புத்தகத்துக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தா. பசை கையோட எந்திரிச்சு நின்னவ என்னைத்தான் பார்த்தா. “சார், நீங்க சொல்லுங்க சார். பிளெக்ஸைச் சொல்லுங்க.”

அந்த அதிகாரி என்கிட்ட திரும்பினார். “இவங்க கார்டு எப்படி வெளிய போயிருக்கும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”ன்னார். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அண்ணாச்சி, அந்த இடத்துல சாதாரண ஆளா இருந்தா உளறியிருப்பான். நான் பயிற்சி எடுத்தவன். “ஊழியரோட தனிப்பட்ட விவரத்தைப் பத்தி நான் மூணாம் மனுஷர்கிட்ட பேச முடியாது சார், எங்க விதி அப்படி”ன்னு நிதானமாச் சொன்னேன். அந்த அதிகாரியே ஒரு நிமிஷம் அசந்துட்டார். அப்புறம் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஜீப்புல ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தா. தெருவே நின்னு பார்த்துச்சு. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தெரிச்சல்தான், எங்க நூலகத்து வாசல்ல போலீஸ் ஜீப்.

உடனே நான் செஞ்ச முதல் காரியம், பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸை அவுத்துட்டேன். இப்படி ஒரு அசிங்கம் நடக்கும்போது தலைவர் படம் நடுரோட்டுல சிரிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? பேஸ்புக்லயும் எடுக்கச் சொல்லிட்டேன். மறுநாள் விடிஞ்சதுமே அவங்க அப்பா ஓடி வந்தார், வேட்டியைக்கூடச் சரியாக் கட்டல. “சார், அந்தப் பிளெக்ஸை ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாப் போதுமாம், வக்கீல் சொல்றார்”ங்கிறார். பிளெக்ஸ் எங்க இருக்கு? எங்க மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாப் போட்டாச்சு. தலைகீழா, எழுத்து உள்பக்கம் இருக்கிற மாதிரி. அவரை உக்கார வச்சுத் தண்ணி கொடுத்து, நூலகத்தை இதுல இழுக்காதீங்கன்னு பக்குவமாச் சொல்லி அனுப்பினேன். அவர் என் காலைத் தொட வந்தார். நான் விடல. வயசுல பெரியவர்.

எவன் போய்ச் சொன்னானோ, அந்த மதுரைத் தம்பி போலீஸ்கிட்டயே கிளம்பிப் போயிட்டான். அவனை யார் கூப்பிட்டா? பேஸ்புக்ல இருந்த படத்தை அவன் போன்ல எடுத்து வச்சிருந்திருக்கான். அதைக் கொண்டுபோய்க் காட்டி, டேப் ஒட்டினேன், இவங்கதான் உரிச்சாங்கன்னு எழுதியும் கொடுத்துட்டான். அதுக்கப்புறம் அவளை விட்டுட்டாங்க, கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல. சந்தோஷம்தான். நான் சந்தோஷப்படலன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவன் சென்னைக்கும் எழுதிப் போட்டான் பாருங்க. வரவேண்டிய கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. என் வாழ்க்கையில அவ்வளவு பெரிய அவமானம் நான் பட்டதில்ல. தலைவர் ஒரு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. யாரால? நீங்களே சொல்லுங்க, யாரால?

அவ என்னவோ பிளெக்ஸாலதான் எல்லாம்ங்கிறா. திருடன் பஸ் ஸ்டாண்டுல வெயில்ல நின்னு நம்பரை எழுதிக்கிட்டு இருப்பானா? அவன் அவன் எவ்வளவு நவீனமாத் திருடுறான். எங்கயாவது ஜெராக்ஸ் கடையில விட்டிருப்பா.

திரும்பி வேலைக்கு வந்தா. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜன்னலைத் திறந்துக்கிட்டு நிக்கிறா. பேப்பர் படிக்க வந்தவங்க அவளைப் பார்க்குறாங்க, பேப்பரைப் பார்க்கல. கூட்டம் போட்டோம். அன்னைக்கு நான் பேசின பேச்சை நீங்க கேட்டிருக்கணும். “தன்னோட தகவலையே காப்பாத்தத் தெரியாத பொண்ணு, ஊரார் தகவலை எப்படிக் காப்பாத்துவா?”ன்னு ஒரே கேள்விதான் கேட்டேன். தகவல் பாதுகாப்பு விதியை மீறினதுக்காகப் பணிநீக்கம்னு ஒருமனதாத் தீர்மானம். அந்த விதியில நாங்க எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். பயிற்சி வீண்போகலன்னு அன்னைக்கு எனக்கு ஒரு திருப்தி.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. “சார், லேபிள் ஒட்டாத புத்தகம் கொஞ்சம் இருக்கு, முடிச்சுக் கொடுத்துட்டுப் போகட்டுமா?”ன்னா. வேண்டாம்னுட்டேன். சாவியை வாங்கிக்கிட்டேன். என்னதான் ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல, வாசல் வரைக்கும் கூடவே வந்து அனுப்பி வச்சேன்.

இவ்வளவுதான் அண்ணாச்சி விஷயம். பொண்ணு மேல தப்பே கிடையாது. ஜீப்புல ஏறினா, இறங்கினா, அவ்வளவுதான். ஆனா நீங்க கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போற இடத்துல எல்லாம் எவனாவது ஒருத்தன் அந்தப் போலீஸ் கதையைக் கேப்பான். அதுக்கு நீங்க பதில் தயாரா வச்சுக்கணும்ல? அதுக்காகத்தான் சொன்னேன். ஊர் வாயை நாம மூட முடியுமா? நான் சொல்லலன்னாலும் இந்த ஊர்ல எவனாவது சொல்லிடுவான், அவன் கண்ணு காது வச்சுச் சொல்லுவான்.

ஏன் காபியை வச்சுட்டீங்க? பாதிகூடக் குடிக்கல. கிளம்புறீங்களா? அதுக்குள்ளயா?

இருங்க, இன்னொண்ணு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது, நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. இப்ப நூலகத்துல இருக்கிற பொண்ணு என் தங்கச்சி மக. தற்காலிகமாத்தான் வச்சிருக்கோம், வேற ஆள் கிடைக்கிற வரைக்கும். பி.காம். முடிச்சிருக்கு. இருபத்தாறு வயசு, சர்டிபிகேட்லயும் அதே இருபத்தாறுதான். உத்திராட நட்சத்திரம். உடம்புல ஒரு குறை கிடையாது. அதுக்கும் நாங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். உங்க நம்பர் என்கிட்ட இருக்கு, ஜாதகத்தை வாட்ஸாப்ல அனுப்பி வைக்கிறேன். பாக்கணும்னா பாருங்க, இல்லன்னா அழிச்சுடுங்க. யாருக்கும் அனுப்பிடாதீங்க, அதுல பிறந்த நேரம் எல்லாம் இருக்கு. காலம் சரியில்ல.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. யாரு? மங்கைதான். நேத்து நீங்க பேசி வச்ச கையோட அவளும் கூப்பிட்டா. “சார், அவங்க வீட்டுலருந்து உங்களைப் பார்க்க வருவாங்க. என்னை உசத்தி எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் போலீஸ் விஷயத்தை மட்டும் சொல்லாம இருந்தாப் போதும். நானே அவர்கிட்ட பக்குவமாச் சொல்லிக்கிறேன். எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு சார்”னு சொன்னா. பதினோரு வருஷத்துல எனக்கு இது பிடிச்சிருக்குன்னு அவ வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்ல. மனசு இளகிடுச்சு. “உன் தனிப்பட்ட விஷயம் என்னைத் தாண்டி ஒரு எறும்புக்குக்கூடப் போகாது”ன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அதனால அண்ணாச்சி, இங்க பேசினது நமக்குள்ள இருக்கட்டும். இருங்க, எடுக்கலன்னா பயந்துடுவா.

ஹலோ. சொல்லும்மா. வந்தாங்க, வந்தாங்க. இப்பத்தான் எந்திரிச்சாங்க, கிளம்புறாங்க. நல்ல மனுஷர்ம்மா. ரொம்ப நேரம் பேசினோம், எல்லாம் உன்னைப் பத்தித்தான். சேச்சே. அதை நான் எதுக்குச் சொல்லப்போறேன்? என்னைத் தெரியாதா உனக்கு? சத்தியமாம்மா. அப்பாகிட்ட சொல்லு, நல்ல சேதி வரும்னு. எதுக்கு அழுற? அழக்கூடாது, கல்யாணப் பொண்ணு. சரி, வை.

அழுறா அண்ணாச்சி. உங்களை என் உசிரு உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன் சார்ங்கிறா. வேலையை விட்டு அனுப்பினவன்கிட்ட இப்படிப் பேச இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்? நன்றியுள்ள பொண்ணு. அதையும் மறக்காம வீட்டுல சொல்லுங்க.